முதலாம் ஆண்டு இரசாயனவியல்: திருகோணமலையிலிருந்து போகும் மாணவர் அறிந்திருக்க வேண்டிய விதிகள்

உயர்தரத்தில் இரசாயனவியலுக்கு நல்ல பெறுபேறு எடுத்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளை, முதல் அரையாண்டிலேயே அந்தப் பாடத்தைக் கோட்டைவிட்டால் வீட்டில் முதலில் கேட்பது "பாடம் அவ்வளவு கஷ்டமா?" என்றுதான். பல வேளைகளில் பாடம் காரணமாக இருப்பதில்லை. வரவு போதாமல் பரீட்சைக்கு அனுமதி கிடைக்காமல் போயிருக்கும். செய்முறை அறிக்கை ஒரு நாள் பிந்தியிருக்கும். மருத்துவச் சான்றிதழ் சரியான கைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. முதல் வாரத்தில் பீடத்தின் மாணவர் கைநூலை ஒருமுறை வாசித்திருந்தால் இவற்றில் ஒன்றும் நடந்திருக்காது.

கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் கணினி விஞ்ஞானத்துக்கும் பௌதிகவியல், இலத்திரனியலுக்கும் உரியது. இரசாயனவியலைப் பிரதான பாடமாக எடுக்க விரும்புகிறவர்களுக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை விஞ்ஞான பீடம்தான் அடுத்த வாசல். சம்மாந்துறை, யாழ்ப்பாணம், பேராதனை என்று போகிறவர்களும் உண்டு. அனுமதி இசற் புள்ளிப்படி நடக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. அந்த 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. அரச பல்கலைக்கழகத்தில் முதற்பட்டத்துக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. உள்ளே போகும்வரை மாவட்டம் கைகொடுக்கும். போன பிறகு எல்லோருக்கும் விதி ஒன்றே.

கீழே வரும் எண்கள் இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக உள்ளவை. உங்கள் பீடத்தின் மாணவர் கைநூல் வேறொன்று சொன்னால் கைநூல் சொல்வதே சட்டம். சிரேஷ்ட மாணவர் சொல்வதைச் சட்டமாக எடுக்கவேண்டாம். அவர்கள் படித்த ஆண்டுக்குப் பிறகு விதி மாறியிருக்கலாம்.

கிரெடிட் என்றால் என்ன

இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணிநேர உழைப்பு. விரிவுரைப் பாடமானால் அதில் 15 மணிநேரம்தான் மண்டபத்தில் நடக்கும். மீதி 35 மணிநேரமும் உங்கள் மேசையில் நடக்க வேண்டியது. அணுக் கட்டமைப்பும் பிணைப்பும் சேர்ந்த 2 கிரெடிட் பாடம் ஒன்றை எடுத்தால் மொத்தம் 100 மணிநேரம், அதில் விரிவுரை 30. மீதி 70 மணிநேரத்தை 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய நாலரை மணிநேரத்துக்கும் கொஞ்சம் மேலே வரும். இது அந்த ஒரு பாடத்துக்கு மட்டும். ரியூஷன் வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லித் தந்து பழகிய பிள்ளைக்கு இந்த 70 மணிநேரம் கண்ணுக்கே தெரிவதில்லை. விரிவுரைக் குறிப்பு மட்டும் போதும் என்று இருந்துவிட்டு, வினாத்தாளைக் கண்டபின்தான் விளங்கும்.

80 வீத வரவு

பரீட்சைக்கு அனுமதி கிடைக்க வேண்டிய இந்த 80 வீத வரவு, விரிவுரைக்கும் செய்முறைக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். ஒன்றில் 100 வீதம் இருப்பதால் மற்றதன் குறை தீராது. 30 மணிநேர விரிவுரையில் 24 மணிநேரம் இருக்க வேண்டும். கிழமைக்கு இரண்டு மணிநேரமானால் மூன்று கிழமை தவறலாம், அதற்கு மேல் இல்லை. செய்முறையில் இடம் இன்னும் குறைவு. 10 செய்முறை வகுப்பு என்றால் 8 கட்டாயம். மூன்றாவது தவறும் அன்றே அந்த அரையாண்டுப் பாடம் கையை விட்டுப் போகிறது. முதல் அரையாண்டுப் பாடம் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும் என்பதால், அடுத்த ஆண்டு புதிதாக வரும் பிள்ளைகளோடு இருந்து அதை முடிக்க வேண்டி வரும்.

திருகோணமலைப் பிள்ளைகள் இங்கேதான் கூடுதலாக மாட்டுப்படுகிறார்கள். மூதூர், வெருகல், வாகரை வழியாக வந்தாறுமூலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வந்து, திங்கள் விடிய பஸ் ஏறினால் எட்டு மணிச் செய்முறைக்குப் போய்ச் சேர முடியாது. ஆய்வுகூடத்தில் முதற் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் அன்றைய பரிசோதனையின் ஆபத்துகளையும் கவனிக்க வேண்டியவற்றையும் சொல்வார்கள். அதைக் கேட்காதவரை உள்ளே விடமாட்டார்கள், வரவும் விழாது. நேர அட்டவணை கையில் கிடைத்ததும் முதலில் செய்முறை நாளைப் பாருங்கள். அது திங்களில் விழுந்தால் ஞாயிறு பின்னேரமே விடுதியில் இருக்க வேண்டும் என்று வீட்டிலும் சொல்லிவையுங்கள். மாரியில் வெருகல் பக்கம் வெள்ளம் ஏறிப் பாதை மறிபட்டால், அன்றே திணைக்களத்துக்கு அறிவித்து, பின்னர் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் கொடுங்கள். பத்து நாள் கழித்துச் சொன்னால் உண்மைகூடச் சாட்டாகத்தான் தெரியும்.

வருத்தம் வந்தால்

சான்றிதழ் அரச வைத்தியரிடமிருந்தோ பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடமிருந்தோ வர வேண்டும். தனியார் கிளினிக் துண்டு பெரும்பாலும் எடுபடாது. வீட்டில் நிற்கும்போது காய்ச்சல் என்றால் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து அரச வைத்தியசாலைக்கோ அன்றே போங்கள். சுகமான பின் போய் முன்திகதியிட்டுச் சான்றிதழ் கேட்பது விதிமீறல். சான்றிதழைப் பீட அலுவலகத்தில் கையளித்து, ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்திருங்கள். விரிவுரையாளரின் மேசையில் வைத்துவிட்டு வருவது ஒப்படைத்ததாகாது. பரீட்சை நாளில் வருத்தம் என்றால் கைநூலில் உள்ள கால எல்லைக்குள் கொடுக்க வேண்டும். அந்த எல்லை நாட்கணக்கில்தான் இருக்கும். சான்றிதழ் ஏற்கப்பட்டால் அடுத்தமுறை எழுதும்போது முதற்தடவையாகவே கொள்ளப்படும், முழுத் தரமும் கிடைக்கும். ஏற்கப்படாவிட்டால் அது மீள் பரீட்சை. அதில் எவ்வளவு புள்ளி எடுத்தாலும் பொதுவாக சி தரத்துக்கு மேல் பதியமாட்டார்கள்.

அந்த சி என்ன செய்யும் என்று பாருங்கள். 2 கிரெடிட் கோட்பாட்டுப் பாடத்தில் பி, அதாவது 3.0. 1 கிரெடிட் செய்முறையில் சி, 2.0. 3 கிரெடிட் கணிதத்தில் ஏ மைனஸ், 3.7. கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டினால் 6.0, 2.0, 11.1 சேர்ந்து 19.1. மொத்தக் கிரெடிட் ஆறால் வகுத்தால் சராசரித் தரப்புள்ளி (ஜீ.பி.ஏ.) 3.18. அதே செய்முறையில் ஏ, அதாவது 4.0 எடுத்திருந்தால் 3.52. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கான எல்லை பொதுவாக 3.30. ஒற்றைக் கிரெடிட் செய்முறைதானே என்று விடும் பாடம் வகுப்பையே மாற்றக்கூடும்.

மகாபொலப் புலமைப்பரிசில் பணமும் வரவோடு கட்டுப்பட்டது. அது ஆண்டுக்குப் பத்து மாதத் தவணையாக வரும். வரவு 80 வீதத்துக்குக் கீழே இறங்கினால் தவணை நிற்கும். வாடகையும் சாப்பாடும் அதிலேயே ஓடுகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆய்வுகூடம்

இலங்கை உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியலுக்கு இப்போது செய்முறைப் பரீட்சை கிடையாது. 50 பல்தேர்வு வினாவும், அமைப்புக் கட்டுரையும், கட்டுரையும்தான். ஆகவே அளவியை (பியூரெட்) படத்தில் மட்டும் பார்த்தவர்கள் பலர் முதன்முதலில் அதைக் கையில் பிடிப்பது இங்கேதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரியாது என்று முதல் நாளே சொல்லுங்கள், காட்டித் தருவார்கள்.

பருத்தித் துணியில் தைத்த முழுக்கை லேப் கோட், மூடிய சப்பாத்து, கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் இல்லாமல் உள்ளே போக முடியாது. பொலியெஸ்டர் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும், அதனால்தான் பருத்தி. செருப்போடு வந்தால் வாசலிலேயே திருப்புவார்கள், அது வராத நாளாகவே பதியப்படும். தலைமுடியைக் கட்டுங்கள். துப்பட்டா, சால்வை, ஹிஜாப் முனைகளைக் கோட்டுக்குள் செருகிவிடுங்கள், சுவாலைக்கு மேலே தொங்கக்கூடாது. குழாயியை (பிப்பெட்) வாயால் உறிஞ்சக் கூடாது, இறப்பர் உறிஞ்சியைப் பாவியுங்கள். அமிலத்தைத்தான் நீருக்குள் விட வேண்டும். மறுவளமாகச் செய்தால் செறிந்த சல்பூரிக் அமிலம் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் வேறொன்றும் யோசிக்காமல் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும், யாராவது ஆளைக் கூப்பிடட்டும்.

முதற் பரிசோதனை பெரும்பாலும் நியமிப்பு. சோடியம் காபனேற்றால் நியமக் கரைசல், அதாவது செறிவு திட்டமாகத் தெரிந்த கரைசல், செய்து ஐதரோகுளோரிக் அமிலத்தின் செறிவைக் காண்பது வழமை. லீற்றருக்கு 0.05 மூல் செறிவில் 250 கன சென்ரிமீற்றர் கரைசலுக்கு 1.325 கிராம் வேண்டும். சரியாக 1.325 வரும்வரை தராசடியில் நின்று கிள்ளிக் கிள்ளிப் போடுவதுதான் முதற் பிழை. அதற்குக் கிட்டவாக நிறுத்தால் போதும், ஆனால் நிறுத்ததை அப்படியே எழுத வேண்டும். 1.3316 கிராம் என்றால் செறிவு 0.05025. சோடியம் ஐதரொட்சைட்டை ஏன் இப்படி நிறுத்து நியமக் கரைசல் செய்ய முடியாது என்பது வாய்மொழியில் கேட்கப்படும். அது காற்றின் ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் இழுக்கும். நமது கடற்கரைக் காற்றில் மணிக்கூட்டுக் கண்ணாடியில் வைத்த வில்லைகள் சில நிமிடத்தில் வியர்த்துப் பளபளக்கும்.

அளவியை அதற்குள் விடப்போகும் கரைசலால் அலசுங்கள். கூம்புக் குடுவையை வடித்த நீரால் மட்டும் அலசுங்கள். அதைக் காபனேற்றுக் கரைசலால் அலசினால் குழாயி அளந்து விட்டதற்கு மேலாகக் கொஞ்சம் உள்ளே நிற்கும், அமிலம் கூடுதலாகச் செலவாகும். குழாயி வடிந்த பின் நுனியைக் குடுவைச் சுவரில் தொடுங்கள். உள்ளே நிற்கும் கடைசித் துளியை ஊதக்கூடாது, அது இல்லாமலே 25.00 என்று அளவிட்டிருக்கிறார்கள். அளவியின் வாசிப்பைக் கண் மட்டத்தில் 0.05 கன சென்ரிமீற்றர் வரை எடுங்கள். தொடக்கம் 0.50, முடிவு 25.35 என்றால் 24.85. 0.1க்குள் ஒத்துவரும் இரண்டு வாசிப்பு கிடைக்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். அமிலத்தின் செறிவு 0.1011 என்று வரும். கணிப்பான் காட்டும் 0.10110664ஐ அப்படியே எழுதினால் புள்ளி குறையும். நீங்கள் அளக்காத நுட்பத்தை அளந்ததாகச் சொல்வது அது. உயர்தரப் பரீட்சையில் கணிப்பான் இல்லாததால் எண்கள் கைக்கு வசதியாகவே தரப்பட்டிருக்கும். இங்கே எண் வருகிறபடி வரும். செய்நிரல் பதிய முடியாத விஞ்ஞானக் கணிப்பான் ஒன்றை வாங்கி முதல் மாதமே பழகிவிடுங்கள்.

வாசிப்பை நேரே கொப்பியில், பேனையால் எழுதுங்கள். துண்டுக் கடதாசியில் எழுதிப் பிறகு அழகாகப் பிரதி பண்ணக்கூடாது. பிழைத்தால் ஒற்றைக் கோடு கீறி, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள், கீழே உள்ளது வாசிக்கத் தெரிய வேண்டும். போகும்போது கையொப்பம் வாங்காத வாசிப்புக்குப் பெறுமதி இல்லை. நண்பரின் வாசிப்பைப் போட்டு எழுதிய அறிக்கை களவாகவே கொள்ளப்படும், கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. சேர்ந்திருந்து கணக்கைப் பேசலாம், தரவு மட்டும் அவரவருடையதாக இருக்க வேண்டும். பிழையான விடையும் அதற்கான காரணத்தை நேர்மையாக எழுதிய பந்தியும், திருத்திப் போட்ட சரியான விடையைவிடக் கூடுதல் புள்ளி வாங்கும்.

மொழி

பாடம் ஆங்கிலத்தில். தமிழில் மூலகம், மூலக்கூறு, மூலம், மூல் நான்கும் ஒரே வேரிலிருந்து வந்தவை போல் ஒலிக்கும். ஆங்கிலத்தில் எலிமென்ட், மொலிகியூல், பேஸ், மோல் என்று ஒன்றுக்கொன்று தூரம். நியமிப்பு டைட்ரேஷன், வீழ்படிவு பிரெசிபிட்டேட், அளவி பியூரெட், குழாயி பிப்பெட். ஒரு கொப்பியில் இரண்டு நிரல் போட்டு, ஒவ்வொரு விரிவுரைக்குப் பிறகும் பத்துச் சொல் எழுதுங்கள். பொருள் தெரிந்த பிள்ளை சொல் தெரியாமல் புள்ளி இழப்பது பார்க்கப் பொறுக்காதது.

பகிடிவதையால் வகுப்புத் தவறினால் அதையும் மறைக்காதீர்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மாணவ ஆலோசகரிடமோ பீடாதிபதியிடமோ எழுத்தில், திகதியோடு கொடுங்கள். அன்று தவறிய செய்முறையின் பெயரையும் அதிலேயே குறிப்பிட்டு, வேறு குழுவோடு அதைச் செய்ய அனுமதி கேளுங்கள். அந்தப் பரிசோதனை மற்றக் குழுக்களுக்கும் நடந்து முடிந்து உபகரணங்களைக் கழற்றிவிட்டால் கேட்டும் பயனில்லை, ஆகவே அதே கிழமையில் கேளுங்கள்.