அட்டை விட்ட பிறகும் ரத்தம் ஏன் நிற்பதில்லை?

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர், சனிக்கிழமை அலுவலகத் தோழிகளுடன் நுவாங் மலை ஏறிய அனுபவத்தை எழுதியிருக்கிறார். சிலாங்கூர் மாநிலத்தின் மிக உயரமான சிகரம் அது, 1,493 மீட்டர். உலு லங்காட் பக்கம் பங்சூனிலிருந்து விடியும் முன்பே நடக்கத் தொடங்கினால்தான் இருட்டுவதற்குள் இறங்க முடியும். வழியில் ஒரு முகாமுக்கு அட்டையின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்றால் மீதியை ஊகித்துக்கொள்ளலாம். இறங்கி வந்து காலணியைக் கழற்றியபோது காலுறை சிவந்து நனைந்திருந்தது. கடித்த அட்டை எப்போதோ விழுந்துவிட்டது; ரத்தம் மட்டும் இரவு வரை கசிந்தது. ஊரிலிருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, “கெட்ட ரத்தம் போனது நல்லதுதான்” என்றாராம். கசிந்தது கெட்ட ரத்தமா, அல்லது அட்டை விஷம் ஏற்றிவிட்டதா என்பது அவருடைய கேள்வி.

இரண்டும் இல்லை. நடந்தது அதைவிட எவ்வளவோ அழகானது.

காட்டு அட்டை ஈர இலைச் சருகில் பின்முனை உறிஞ்சியை ஊன்றி நின்று, முன்முனையைக் காற்றில் துழாவியபடி காத்திருக்கும். காலடி அதிர்வு, உடல் சூடு, மூச்சில் வரும் கரியமில வாயு ஆகியவற்றை வைத்து ஆள் வருவதை அறிந்து ஏறிக்கொள்ளும். மூன்று தாடைகளால் தோலை மெல்லக் கீறும். இதுவரை பெரிய புதிர் எதுவும் இல்லை. புதிர் தொடங்குவது கீறிய பிறகுதான்.

நம் ரத்தம் காயத்தில் உறைந்துவிடும் இயல்புடையது. ரத்தத் தட்டுகள் கூடுவதும், வரிசையாகப் பல நொதிகள் ஒன்றையொன்று தூண்டுவதும் பள்ளியில் படித்ததுதான். அந்த வரிசையின் கடைசியில் திராம்பின் என்ற நொதி நிற்கிறது. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் புரதத்தை அது வெட்ட, வெட்டுப்பட்ட துண்டுகள் ஃபைப்ரின் இழைகளாகப் பின்னிக்கொண்டு வலை அமைக்கின்றன. வலை விழுந்தால் ரத்தம் நிற்கும். திராம்பின் தட்டுகளையும் உசுப்பிவிடும். தனக்கு முந்தைய படிகளை முடுக்கித் தன்னையே மேலும் பெருக்கிக்கொள்ளவும் செய்யும். உறைதல் முழுவதையும் ஒரே இடத்தில் நிறுத்த வேண்டுமானால் கைவைக்க வேண்டியது இங்கேதான். அட்டை கைவைப்பதும் இங்கேதான்.

1884-இல் ஜான் ஹேக்ராஃப்ட் என்ற பிரிட்டிஷ் உடலியலாளர், அட்டையின் வாய்ப்பகுதியிலிருந்து எடுத்த சாறு ரத்தத்தை உறையவிடாமல் வைப்பதைக் கண்டார். நீரில் வாழும், வைத்தியத்துக்குப் பயன்படும் மருத்துவ அட்டையின் அந்தப் பொருளுக்குப் பின்னர் ஹிருடின் என்று பெயரிட்டார்கள். 1950-களில் ஜெர்மன் மருந்தியலாளர் ஃபிரிட்ஸ் மார்க்வார்ட் அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். வெறும் 65 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். திராம்பினோ அதைப்போலப் பல மடங்கு பெரியது.

இவ்வளவு சிறியது அவ்வளவு பெரியதை எப்படி அடக்குகிறது? 1990-இல் இரண்டும் சேர்ந்த நிலையின் படிக அமைப்பு, அதாவது படிகமாக்கி எக்ஸ் கதிரால் கண்டறிந்த முப்பரிமாண வடிவம், வெளியானபோது விடை தெரிந்தது. தாயின் இடுப்பில் ஏறிய குழந்தை தோளில் முகம் புதைத்துக் கால்களால் இடுப்பை வளைத்துக்கொள்வதுபோல, ஹிருடின் திராம்பினை இரண்டு இடங்களில் பிடித்திருந்தது. அதன் தலைமுனை, திராம்பின் எந்தப் பள்ளத்தில் வைத்துப் புரதத்தை வெட்டுகிறதோ அந்தப் பள்ளத்துக்குள் நுழைந்து அதை அடைத்துவிடுகிறது. எதிர்மின் தன்மை மிகுந்த நீண்ட வால், திராம்பினின் பக்கவாட்டில் நேர்மின் தன்மை மிகுந்த ஒரு திட்டின்மேல் படிகிறது. ஃபைப்ரினோஜன் வந்து முதலில் தொற்றிக்கொள்ள வேண்டிய இடம் அதுவே. வெட்டும் இடமும் போயிற்று, பிடிக்கும் இடமும் போயிற்று. இயற்கையில் நாம் அறிந்தவற்றில் மிக இறுக்கமான பிணைப்புகளில் இதுவும் ஒன்று. ஒருமுறை பற்றிவிட்டால் பிரிவது அரிது.

நுவாங் மலையில் கடிப்பது மருத்துவ அட்டை அல்ல. அது ஹீமாடிப்சா என்ற காட்டு அட்டைப் பேரினம். அதே பேரினத்தைச் சேர்ந்த இந்தியக் காட்டு அட்டை ஒன்றிலிருந்து 1993-இல் ஹீமாடின் என்ற புரதம் பிரிக்கப்பட்டது. 57 அமினோ அமிலங்கள். 2000-இல் அதன் படிக அமைப்பு வந்தபோது என்னை மிகவும் பரவசப்படுத்திய செய்தி கிடைத்தது. தலைமுனை, ஹிருடினைப் போலவே வெட்டும் பள்ளத்தை அடைக்கிறது. வால் மட்டும் ஹிருடின் பிடிக்கும் திட்டுக்குப் போகாமல், திராம்பினின் மறுபக்கத்தில் உள்ள இன்னொரு நேர்மின் திட்டில் போய்ப் படிகிறது! நீரில் வாழும் அட்டையும் தரையில் வாழும் அட்டையும் ஒரே நொதியை அடக்க இரு வேறு பிடிகளைக் கொண்டிருக்கின்றன. பரிணாமத்தைப் பாடப்புத்தகத்தில் விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்தப் புரதம் அட்டைக்கு உண்ணும்போது மட்டுமா தேவை? உடல் எடையைப்போலப் பல மடங்கு ரத்தத்தை ஒரே வேளையில் குடித்துவிட்டு, அடுத்த வேளைக்குப் பல மாதங்கள் காத்திருக்கும் பிராணி அது. வயிற்றுக்குள் ரத்தம் கட்டியானால் அட்டையின் கதி முடிந்தது. கடிவாயில் எஞ்சிய கொஞ்சம் புரதம்தான் வாசகியின் காலில் ரத்தத்தைக் கசியவிட்டது. கசியும் ரத்தமே அதைக் கழுவி வெளியேற்றியதும் உறைதல் தன் வேலையைத் தொடங்கியது. அளவு மிகச் சிறிது என்பதால் உடலின் மற்ற இடங்களில் ஒன்றும் ஆகவில்லை.

அட்டைக்கு நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று பிரித்துக் குடிக்கத் தெரியாது. நாளத்தில் ஓடுவது எதுவோ அதைத்தான் குடிக்கும். அட்டை கெட்ட ரத்தத்தை எடுத்துவிடும் என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதும் அல்ல. 1833-இல் பிரான்ஸ் 4 கோடிக்கும் அதிகமான அட்டைகளை இறக்குமதி செய்தது. காய்ச்சல், தலைவலி எதற்கும் அட்டை. எத்தனை நோயாளிகள் அதனால் மேலும் நலிந்திருப்பார்கள்! அட்டைக்கு உண்மையான மருத்துவப் பயன் உண்டு. துண்டான விரலை ஒட்டவைத்த பின், சிரை வழியே வெளியேற முடியாமல் தேங்கும் ரத்தத்தை அது வடித்துவிடும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-இல் இதற்கு அனுமதி அளித்தது. அங்கும் வடிவது தேங்கிய ரத்தம். கெட்ட ரத்தம் அல்ல.

ஹிருடினின் பிடியைப் பார்த்து 20 அமினோ அமிலங்களில் வடிவமைத்த பிவாலிருடின் என்ற மருந்து, இதய நாள அடைப்பை நீக்கும்போது இன்று பயன்படுகிறது. ஹேக்ராஃப்ட் ஆராய்ச்சியில் இறங்கியபோது “இதனால் என்ன பயன்?” என்று நிதிக்குழு கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருக்க முடியும்? பயன் வர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இந்தியக் காட்டு அட்டையின் புரதத்தைப் பிரித்தவர்களும் ஜெர்மனிக்காரர்களே. வால்பாறையிலும் அகத்தியமலையிலும் அட்டை நிறைந்த காடுகளை வைத்துக்கொண்டு, உடனடிப் பயன் காட்டும் திட்டங்களுக்கு மட்டும் நாம் பணம் ஒதுக்குவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் அய்லாவ்ஷான் காப்பகக் காவலர்கள் 30,000-க்கும் மேற்பட்ட அட்டைகளைத் திரட்டினார்கள். அவற்றின் வயிற்றிலிருந்த ரத்தத்தின் டி.என்.ஏ.வைக் கொண்டு, அந்தக் காட்டில் எந்த விலங்கு எங்கே வாழ்கிறது என்று ஆய்வாளர்கள் வரைபடமே தயாரித்தார்கள். ஆனைமலையில் இதைச் செய்ய நமக்கு என்ன தடை?

வாசகி அடுத்த மலைக்குத் தயாராகிறாராம். கடித்துக்கொண்டிருக்கும் அட்டையின்மேல் உப்பு, நெருப்பு எதையும் வைக்க வேண்டாம். அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடக்கூடும். விரல் நகத்தை மெல்லிய முனைக்கு அடியில் நுழைத்து உறிஞ்சியைத் தளர்த்தி, பிறகு தடித்த முனையையும் விடுவிக்கலாம். சோப்பு நீரில் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்துக் கட்டுப் போட்டால் போதும். சில நாள் அரிக்கும். சொறிந்து புண்ணாக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும், மலை ஏறும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.