ரேசிமைசேஷன்: திராட்சைக் குலையிலிருந்து பல்லுக்கு

அடையாளம் தெரியாத ஒருவரின் பல்லை ஆய்வுக்கூடத்தில் கரைத்து, இறக்கும்போது அவருக்கு என்ன வயது என்று கணிக்கிறார்கள். அந்த முறையின் பெயரில் வரும் சொல் ‘ரேசிமைசேஷன்’.

லத்தீனில் ‘ரசேமஸ்’ என்றால் திராட்சைக் குலை. ஒயின் தயாரிப்பில் படியும் கசண்டிலிருந்து கிடைத்த ஓர் அமிலத்துக்கு அதனால் ‘ரசேமிக் அமிலம்’ என்று பெயர் வந்தது. 1848இல் லூயி பாஸ்டர் அதன் உப்புப் படிகங்களைப் பொறுக்கி இரண்டு குவியலாகப் பிரித்தார். வலம்புரிச் சங்கும் இடம்புரிச் சங்கும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் செலுத்தியபோது, ஒரு குவியலின் கரைசல் அந்தத் தளத்தை வலப்பக்கம் திருப்பியது. மற்றது அதே அளவு இடப்பக்கம். சரிபாதியாகக் கலந்தால் திருப்பமே இல்லை. அதன் பிறகு இப்படிப்பட்ட சமக்கலவை எல்லாமே ‘ரசேமிக்’ ஆகிவிட்டது. திராட்சைக்கும் இந்த அர்த்தத்துக்கும் உறவே இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பல்லுக்கு எப்படி வந்தது? புரதங்களின் செங்கற்களான அமினோ அமிலங்களுக்கும் எல், டி என்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு. நம் உடல் புரதங்களை எல் வடிவத்தால் கட்டுகிறது. நாளாக ஆக அவற்றில் சில தாமாகவே டி வடிவத்துக்குப் புரள்கின்றன. சமக்கலவையை நோக்கிய இந்தப் புரளல்தான் ரேசிமைசேஷன். அஸ்பார்டிக் அமிலம் இதில் முந்திக்கொள்ளும். (அஸ்பாரகஸ் செடியால் வந்த பெயர் அது. நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் தாவரவியல் பெயர் ‘அஸ்பாரகஸ் ரசிமோசஸ்’: இந்தக் கட்டுரையின் இரண்டு சொற்களும் ஒரே கொடியில்!) பெரும்பாலான திசுக்களில் பழைய புரதம் போய்ப் புதியது வந்துவிடுவதால் கணக்கு அழிந்துபோகும். பல்லின் மேலுறையான எனாமலும் அதற்கு அடியிலுள்ள டென்டினும் அப்படிப் புதுப்பிக்கப்படுவதில்லை. 1975இல் ஹெல்ஃப்மன், பாடா என்ற ஆய்வாளர்கள் இருவரும் எனாமலில் அளந்து, 60 ஆண்டுகளில் அஸ்பார்டிக் அமிலத்தில் சுமார் 8 விழுக்காடு டி வடிவமாகிறது என்று கணக்கிட்டார்கள். பின்னர் டென்டினே அதிகம் விரும்பப்பட்டது.

இது உடல்சூட்டில் ஓடும் கடிகாரம். உடல் குளிர்ந்ததும் ஓட்டம் மிகவும் தளர்ந்துவிடுவதால், இறந்து எத்தனை நாளாயிற்று என்று இதனிடம் கேட்க முடியாது. தீயில் வெந்த பல்லிலோ கடிகாரம் தறிகெட்டு ஓடியிருக்கும். இளைஞரையும் கிழவராகக் காட்டிவிடும்.

தமிழில்? வேதியியல் பாடநூல்களில் ‘சுழிமாய்க் கலவை’ என்ற சொல் இருக்கிறது. வலஞ்சுழி, இடஞ்சுழி என்னும்போது சுழி என்பது திருப்பம்; அது மாய்ந்துபோன கலவை. சுழிக்குப் பூச்சியம் என்ற பொருளும் உண்டு, அதுவும் இங்கே பொருந்துகிறது. லத்தீன் திராட்சையைவிட இது எவ்வளவோ தெளிவு. இதையொட்டி, குடுவையில் வேதியியலாளர் செய்வதைச் ‘சுழிமாய்த்தல்’ என்றும், பல்லுக்குள் தானாக நடப்பதைச் ‘சுழிமாய்தல்’ என்றும் நான் எழுதுவேன். தன்வினை, பிறவினை வேறுபாட்டை ஆங்கிலச் சொல் காட்டுவதில்லை. நமக்கு ஒரு ‘த்’ போதும்.