ஐ.டி.சி.க்குக் காசு கேட்கிறார்களா?

மகனை வெளிநாட்டு உதைபந்தாட்டக் கழகத்தில் சேர்த்துவிடுவதாகச் சொன்னவரிடம் காசைக் கொடுத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு சட்டத்தரணியான என்னைத் தேடி வருகிற தகப்பன்மாரைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் குருநகர், நாவாந்துறை, பாசையூர் என்று நல்ல விளையாட்டுப் பெடியன்கள் இருக்கிற ஊர்களாகப் பார்த்துத்தான் இந்த ஏஜென்சிக்காரர்களும் சுற்றுகிறார்கள்.

போன கிழமை வந்தவர் லேமினேட் செய்த கடிதம் ஒன்றை நீட்டினார். மேலே அரச இலச்சினை, கீழே ‘விளையாட்டு அமைச்சின் அனுமதி’ என்று ஒரு வரி, பக்கத்தில் ஊதா மையில் வட்ட முத்திரை. கூடவே ஒரு கொப்பித் தாளில் ‘ஐ.டி.சி. கட்டணம்’ (சர்வதேச இடமாற்றச் சான்றிதழுக்காம்) என்று எழுதி ஒரு தொகை. அது மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்த காசு. மகனுக்கு வயது 17. “அரசாங்கமே கையெழுத்துப் போட்டிருக்கு சேர், பொய்யாய் இருக்குமோ?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விதான் எனக்குக் கோபத்தைக் கிளப்புகிறது. வெளிநாட்டுக் கழகத்துக்கு மாறுகிற கடதாசி வேலை அமைச்சினுடையது அல்ல, இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தினுடையது. அந்தச் சம்மேளனம் அரசாங்கத் திணைக்களம் அல்ல. கச்சேரி (மாவட்டச் செயலகம்) மாதிரி, கல்வித் திணைக்களம் மாதிரி அதுவும் ஒன்று என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். எம்.பி.யிடம் ஒரு கடிதம் வாங்கித் தந்தால் போதுமா என்று கேட்ட உடற்கல்வி ஆசிரியரும் உண்டு.

கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம். வெள்ளைக்காரன் காலத்தில், 1939இல் தொடங்கிய அமைப்பு இது. 1952இல் உலக உதைபந்தாட்டத்தை நடத்துகிற பீஃபாவில் அங்கத்துவம் பெற்றது, 1954இல் ஆசிய சம்மேளனத்தில் சேர்ந்தது. விளையாட்டுச் சட்டம் நாட்டுக்கு வந்ததே 1973இல். அதாவது, அமைச்சர் கையில் அந்தச் சட்டம் கிடைப்பதற்கு 21 வருடம் முன்னமே சம்மேளனம் பீஃபாவின் பிள்ளை. அந்தச் சட்டத்தின் கீழ் தேசிய விளையாட்டுச் சங்கங்கள் பதிவு செய்ய வேண்டும், அமைச்சருக்குச் சில அதிகாரங்களும் இருக்கின்றன. குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பதிவு செய்வது வேறு, உள்ளே புகுந்து நடத்துவது வேறு. அங்கத்துவ நாடுகளின் சம்மேளனங்கள் வெளியார் தலையீடு இல்லாமல் இயங்க வேண்டும் என்பது பீஃபாவின் யாப்பு.

அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று 2023இல் பார்த்தோமே! தலையீடு என்று காரணம் காட்டி ஜனவரியில் பீஃபா இலங்கையைத் தடை செய்தது. அந்த வருடம் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்துக்கு எங்கள் அணி போகவில்லை. 1995இல் கொழும்பில் இந்தியாவைத் தோற்கடித்து அதே கிண்ணத்தை வென்ற நாடு இது! ஆகஸ்ட் கடைசியில் தடை நீங்கியதால்தான் ஒக்டோபரில் யேமனுடனான உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்களையாவது ஆட முடிந்தது. அமைச்சின் முத்திரைக்கு இந்த விளையாட்டில் அவ்வளவு பலம் இருந்திருந்தால் அந்த ஏழு மாதத்துக்குள் ஏதாவது நடந்திருக்க வேண்டும்.

சம்மேளனம் சுத்தத் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அதன் முன்னாள் தலைவர் மணிலால் பெர்னாண்டோவுக்கு 2013இல் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அதையும் விதித்தது பீஃபாவின் மேன்முறையீட்டுக் குழு, எந்த அமைச்சும் அல்ல.

சரி, அந்த ஐ.டி.சி. என்கிற சர்வதேச இடமாற்றச் சான்றிதழுக்கு வருவோம். அதை உங்கள் மகன் கேட்க முடியாது, நீங்களும் கேட்க முடியாது, ஏஜென்சிக்காரனும் கேட்க முடியாது. அவரைச் சேர்க்கப்போகிற நாட்டின் சம்மேளனம் எங்கள் சம்மேளனத்திடம் கேட்கும், இவர்கள் அனுப்புவார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. ‘ஐ.டி.சி. எடுத்துத் தாறன்’ என்று காசு கேட்டால் மேலே பேச வேண்டாம், படலையைச் சாத்துங்கள்.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வெளிநாட்டுக் கழகத்தில் பதிய முடியாது. விதிவிலக்குகள் சில உண்டு. பெற்றோர் உதைபந்தாட்டத்தோடு சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டில் குடியேறுவது அதில் ஒன்று. விளையாடுவதற்காகத் தனியாக விமானம் ஏற்றிவிடுவது அந்த விதிவிலக்குகளில் இல்லை. பிறப்புச் சான்றிதழைத் திருத்தி வயதைக் கூட்டிக்கொள்ளலாம் என்று சொல்கிறவனிடம் ஆறடி தள்ளியே நில்லுங்கள், அந்த வழக்கில் நீங்களும் குற்றஞ்சாட்டப்பட்ட எதிரி.

முகவர் என்று வருகிறவரின் முழுப் பெயரைக் கேளுங்கள். 2023 ஒக்டோபர் முதல் பீஃபாவின் பரீட்சையில் தேறி உரிமம் பெற்றவர்தான் உதைபந்தாட்ட முகவராக வேலை செய்யலாம். அவர்களின் பெயர்கள் பீஃபாவின் இணையத்தளத்தில் இருக்கின்றன, கைபேசியிலேயே தேடலாம். அதற்கு முன்னால், மகன் இங்கே ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறாரா என்று கழகச் செயலாளரிடமும் லீக்கிலும் விசாரியுங்கள். பதிவோடு கிடைக்கிற பீஃபா இலக்கம் இல்லாத பெடியனை எந்தக் கழகமும் முறைப்படி களத்தில் இறக்காது. யாழ்ப்பாணம் துரையப்பா அரங்கில் ஐந்து கோல் அடித்தாலும் இதில் மாற்றமில்லை.

கடவுச்சீட்டை ஒருவர் கையிலும் விட்டுவைக்காதீர்கள். தயவுசெய்து காசைக் கையில் கொடுக்காதீர்கள், “மாஸ்டருக்குத் தெரிந்த ஆள்” என்றாலும் வேண்டாம்.

கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். ஏமாற்றிக் காசு வாங்குவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். வங்கிச் சிட்டை இருந்தால் பாதி வேலை முடிந்தது. கோபத்தில் அவனுடைய இலக்கத்தை அழித்துவிட்டு வருகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பிய குரல் செய்திகளையெல்லாம் அப்படியே வைத்திருந்து கொண்டுவாருங்கள்.