கார் இன்சூரன்ஸ்: பிரீமியம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, தேர்டு பார்ட்டி காப்பீடு இல்லாத காரைச் சாலையில் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாயும் அடுத்த முறை 4,000 ரூபாயும் அபராதம் விதிக்கப்படும். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். அபராதத்துக்குப் பயந்து ஏதோ ஒரு பாலிசியை எடுத்துவிட்டு, விபத்து நடந்த பிறகு அதில் தங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று அறிந்து நிற்கும் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தால், உங்கள் கார் மோதி வெளியாள் இறந்தாலோ காயமடைந்தாலோ தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை உச்சவரம்பின்றி நிறுவனம் கொடுக்கும். பிறர் சொத்துக்கு நேரும் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும். உங்கள் காருக்கு எதுவும் கிடையாது என்பது பலருக்கும் தெரியும். உங்கள் காருக்குள் அமர்ந்து வரும் மனைவியும் பெற்றோரும் நண்பர்களும் இந்த பாலிசியில் அடங்க மாட்டார்கள் என்பதுதான் தெரிவதில்லை. பேக்கேஜ் பாலிசி, அதாவது நாம் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்வது, இருந்தால் அவர்களுக்கும் நிறுவனம் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லிவிட்டது. ஆகவே, கார் பழையதுதானே என்று தேர்டு பார்ட்டிக்கு மாறுபவர்கள் காரின் விலையை மட்டும் கணக்கிடாமல், அதில் யாரை ஏற்றிச் செல்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதேபோல, 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளருக்கு மட்டுமே, அதுவும் அவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்தால் மட்டுமே பொருந்தும். அப்பா பெயரில் உள்ள காரை மகன் ஓட்டும்போது அது மகனைக் காக்காது.

ஃபுல் இன்சூரன்ஸ் என்ற பெயரை நம்பி முழுப் பணமும் வரும் என்று எண்ண வேண்டாம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதித் தொகையைக் கழித்துவிடுவார்கள். பம்பர் புதிதாக மாற்ற 10,000 ரூபாய் என்றால் 5,000 உங்கள் பங்கு; அதற்கு மேல் 1500 சி.சி. வரையிலான காருக்கு, ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். புதிய காருக்கு ஜீரோ டிப், அதாவது தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு, சேர்ப்பது இதனால்தான். பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக ஐ.டி.வி. தொகையை, அதாவது பாலிசியில் காருக்குக் குறிக்கும் மதிப்பை, குறைத்துப் போட்டுக் கொடுக்கும் முகவர்களும் இருக்கிறார்கள். கார் திருடுபோனாலோ, பழுதுச் செலவு அந்தத் தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ உங்கள் கைக்கு வருவதை அந்த எண்தான் தீர்மானிக்கும்.

அதிகம் ஏமாறுபவர்கள் செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்களே. “இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்குங்க” என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். கார் கைமாறும்போது தேர்டு பார்ட்டி பொறுப்பு மட்டுமே தானாக வாங்கியவருக்கு மாறும். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு மாறாது. அதை மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனால் ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்த பிறகு வாருங்கள் என்கிறார்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ புதிய ஆர்.சி. அவ்வளவு விரைவில் கைக்கு வருவதில்லை. இந்த இரண்டு கவுன்டர்களுக்கும் இடையே அலைந்துகொண்டிருக்கும்போதே கெடு முடிந்துவிடுகிறது. வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். பழைய உரிமையாளர் பெயர், கைமாறிய தேதி, பாலிசி எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 நகல்களையும் ஆர்.டி.ஓ. ரசீதையும் இணைத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் வாங்காத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, ஆளுக்கு உரியது, காருக்கு உரியதல்ல. விற்றவருடைய 50 சதவீதத் தள்ளுபடியை நீங்கள் அனுபவித்தாலும், சென்ற ஆண்டு கிளெய்ம் வாங்கியதை மறைத்து முகவர் தள்ளுபடி போட்டுக் கொடுத்தாலும், பிரீமியம் வாங்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள். கிளெய்ம் போடும் நாளில்தான் தோண்டி எடுத்து நிராகரிப்பார்கள். பாலிசி வந்த அன்றே அந்த வரியைப் பார்த்து, தவறு இருந்தால் வித்தியாசத் தொகையைக் கட்டித் திருத்திவிடுங்கள். காரை விற்றவருக்கும் ஒரு சொல்: ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை விபத்துப் பொறுப்பும் உங்களுடையதே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

சென்னையில் 2015-இலும், மிக்ஜாம் புயலின்போது 2023-இலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்களுக்கு இன்ஜின் கிளெய்ம் மறுக்கப்பட முக்கியக் காரணம், தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்து பார்த்ததுதான். அப்படிச் செய்தால் நேர்வது விபத்துச் சேதம் அல்ல, பின்விளைவு என்று எழுதிவிடுவார்கள். காரைத் தொடாமல் படம் எடுத்து, தகவல் கொடுத்து, இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். தாழ்வான பகுதியில் குடியிருந்தால் இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளெய்ம் போட்ட பிறகு ஒரு நாள் ஒரு காகிதம், மறுவாரம் இன்னொரு காகிதம், அதன் பிறகு ஃபைல் ஹெட் ஆபீஸில் இருக்கிறது என்ற பதில் என்று இழுத்தடிப்பது வாடிக்கை. ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூன் மாதச் சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே என்னென்ன வேண்டும் என்பதை ஒரே முறையில் மின்னஞ்சலில் எழுதித் தரக் கேளுங்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அளித்து, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. குறைத்து நிர்ணயித்த தொகைக்கு முழு இறுதித் தீர்வு என்று கையெழுத்துக் கேட்டால், ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதி, அந்தத் தாளின் நகலை வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.