'சீ டே' ஓய்வு நாளா?

அண்டார்டிகா கப்பல் சுற்றுலாவின் பயணத்திட்டம் ஒன்று மெய்ப்புப் பார்க்க வந்தது. "இரண்டாம் நாள்: ஓய்வு நாள். மூன்றாம் நாள்: ஓய்வு நாள்." இந்த ஆண்டில் இதே மொழிபெயர்ப்பு கண்ணில் படுவது மூன்றாம் முறை. மூலத்தில் இருப்பது 'சீ டே' (sea day). தமிழில் எழுதினால் யாரையோ வைகிற மாதிரி இருப்பதால் அப்படியே விடவும் முடியாது.

பொருள் எளிது. எங்கும் கரையிறங்காமல் கப்பல் முழுநேரமும் ஓடிக்கொண்டே இருக்கும் நாள். 'சீ' பழைய ஆங்கிலச் சொல். கூட வரும் 'குரூஸ்' (கப்பல் சுற்றுலா) டச்சு மொழியில் 'குறுக்கே கட' என்ற வினை. அவ்வளவுதான்.

இதில் ஓய்வு எங்கிருந்து வந்தது? இறங்குமிடம் என்ற கட்டம் காலியாக இருந்தால், ஆள் சும்மா இருப்பான் என்று மொழிபெயர்ப்பாளரே முடிவு கட்டிவிடுகிறார். அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உசுவாயாவில் கிளம்பிய கப்பல், தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையே உள்ள டிரேக் நீரிணையைக் கடக்கவே ஏறக்குறைய இரண்டு நாள் பிடிக்கும். மிகக் குறுகிய இடத்திலேயே அகலம் சுமார் 800 கி.மீ. தெற்கு அட்சரேகை 60 டிகிரியில் உலகையே சுற்றிவந்தாலும் அலையைத் தடுக்க ஒரு துண்டு நிலம் கிடையாது. சூப் கிண்ணம் மேசையில் நிற்காது. அந்த ஆட்டத்திலேயே கரையிறங்கும் விதிகள் பற்றிய வகுப்பில் உட்கார வேண்டும், அது கட்டாயம். பிறகு கோட்டும் பையுமாக வரிசையில் நின்று, பாக்கெட் மூலையிலும் வெல்க்ரோவிலும் ஒட்டிய புல்விதைகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்க வேண்டும், பூட்ஸ் அடியைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். வெளியூர் விதை ஒன்றுகூட அந்த மண்ணில் விழக் கூடாது. ஓய்வு நாள் என்று நம்பி வந்தவர் வாந்திப் பையும் கையுமாக அந்த வரிசையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

'கடல் நாள்' என்பாரும் உண்டு. சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் ஆண்டுக்கொரு முறை கொண்டாடும் தினம்போல ஒலிக்கிறது. 'கடலில் ஒரு நாள்' பள்ளிக்கூடக் கட்டுரைத் தலைப்பு.

நம்மிடம் வினை கைவசம் இருக்கிறது. கப்பல் ஓடும். "கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து" என்கிறது குறள். அதில் போகிறவனுக்குக் கடலோடி என்றே பெயர். ஆகவே 'கடலோட்ட நாள்'. வெறும் 'ஓட்ட நாள்' என்றால் எந்தத் தியேட்டரில் என்று கேட்பார்கள்.

திருத்தி அனுப்பினேன். பதில் வந்தது: "ஓட்டம்னா பயணிகள் பயப்படுவாங்க சார், ஓய்வே இருக்கட்டும்."