வெள்ளைச் சுவரில் வெள்ளைத் துணி: திரையின் ஓரம் புரொஜெக்டருக்கு எப்படித் தெரிகிறது?

வியாசர்பாடியில் உலகக்கோப்பைக் கால்பந்து வந்துவிட்டால் தெருவிலேயே திரை கட்டிவிடுவோம். 2022 டிசம்பர் 18, அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய இறுதிப் போட்டி. இரவு எட்டரைக்கு ஆட்டம். ஏழு மணிக்கே சுண்ணாம்பு அடித்த சுவரில் பந்தல் துணியை இழுத்துக் கட்டி, வாடகை புரொஜெக்டரை ஸ்டூல் மேல் சற்றுச் சாய்வாக வைத்தோம். திரையின் ஓரத்தைத் தானே கண்டுபிடித்துப் படத்தைப் பொருத்தும் வசதி அதில் இருந்தது. பொத்தானை அமுக்கினால் கட்டம் கட்டமாக ஏதோ மின்னியது. அப்புறம் படம் துணியைத் தாண்டி வழிந்து, பக்கத்து ஜன்னல் சட்டம் வரை போய் நின்றது. மூன்று முறையும் அதே கதைதான்.

"அண்ணே, துணி எது சுவர் எதுன்னு அதுக்குத் தெரியல போல" என்றான் பக்கத்தில் நின்ற பையன். அவன் சொன்னதுதான் சரி.

புரொஜெக்டரின் லென்ஸ் ஒளியை வெளியே அனுப்பும், அவ்வளவுதான். பார்ப்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன கேமரா வைத்திருப்பார்கள். லென்ஸ் இருக்கும் அதே இடத்தில் கண்ணை வைத்துப் பார்க்க முடிந்தால், படம் எவ்வளவு சாய்வாக விழுந்தாலும் நேரான செவ்வகமாகத்தான் தெரியும். கோணலாகத் தெரிவது திரைதான். ஆகவே புரொஜெக்டர் செய்யவேண்டிய வேலை, தன் பார்வையில் அந்தக் கோணல் நாற்கரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்குள் படத்தை நெருக்கி வரைவது. சமதளத் திரைக்கு இந்தக் கணக்கு எட்டு எண்களில் முடிந்துவிடும். நான்கு மூலைகள், மூலைக்கு இரண்டு அளவுகள்: எட்டு கிடைத்துவிட்டது.

கேமராவும் லென்ஸும் சில சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால் கேமரா பார்த்ததை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதற்குத்தான் அந்தக் கட்டங்கள். புரொஜெக்டர் தனக்குத் தெரிந்த ஒரு வடிவத்தை வீசி, அதன் ஒவ்வொரு புள்ளியும் கேமராவில் எங்கே விழுந்தது என்று பார்த்து இரண்டையும் இணைத்துக்கொள்கிறது. கறுப்பு வெள்ளைப் பட்டைகளாக வீசும் முறையும் உண்டு. படத்தின் 1920 நெடுவரிசைகளையும் தனித்தனியாக அடையாளம் காண 11 பட்டைப் படங்கள் போதும். ஒவ்வொரு படத்திலும் ஒரு நெடுவரிசை கறுப்பு அல்லது வெள்ளை, இரண்டில் ஒன்று. இரண்டை 11 முறை பெருக்கினால் 2048 வந்துவிடுகிறதே. 2004-இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து ஜானி லீயும், ரமேஷ் ரஸ்கர் உள்ளிட்ட அவருடைய கூட்டாளிகளும் கேமராவே இல்லாமல் இதைச் செய்து காட்டினார்கள். திரையின் மூலைகளில் ஒளி உணரிகளை வைத்துவிட்டார்கள். பட்டைகள் மின்னும் வரிசையைப் படித்து, தான் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு மூலையும் சொல்லிவிடும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

நம் துணியில் உணரி ஏது? கேமராதான் ஓரத்தைத் தேட வேண்டும். முதலில் வெள்ளை ஒளி வீசி ஒரு படம், ஒளியை அணைத்து ஒரு படம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் தெருவிளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் போய்விடும். மிஞ்சியதில் வெளிச்சம் சட்டென்று மாறும் இடங்கள் எல்லாம் ஓரப் புள்ளிகள். துணி சுருங்கி, கயிறு கட்டிய மூலையை நேரடியாகத் தேடினால் ஏமாற்றும். அதனால் நான்கு பக்கக் கோடுகளைக் கண்டுபிடித்து, அவை வெட்டும் இடத்தை மூலை என்று கொள்வது நல்லது.

கோட்டைக் கண்டுபிடிக்கும் ஒரு வழி ஓட்டெடுப்பு. ஒவ்வொரு புள்ளியும் தன் வழியாகப் போகக்கூடிய எல்லாக் கோடுகளுக்கும் ஓட்டுப் போடும். அதிக ஓட்டு வாங்கிய கோடு ஜெயிக்கும். அணுத்துகள் போன வழியெல்லாம் குமிழ் எழும் திரவக் கலம் ஒன்று உண்டு, குமிழ் அறை என்பார்கள். அதன் புகைப்படங்களில் அந்தத் தடத்தைத் தேடுவதற்காக இயற்பியலாளர் பால் ஹஃப் உருவாக்கி, 1962-இல் காப்புரிமை பெற்ற முறையின் வழி வந்தது இது. நூற்றுக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து சொல்வதால், ஒன்றிரண்டு தப்பாக இருந்தாலும் கோடு நகராது.

எங்கள் தெருவில் என்ன நடந்திருக்கும் என்று இப்போது ஊகிக்கலாம். சுண்ணாம்பும் வெள்ளைத் துணியும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியைத் திருப்பி அனுப்பின. துணியின் ஓரத்தில் மாற்றமே இல்லை. கறுத்த, நேரான ஜன்னல் சட்டம்தான் ஓட்டை அள்ளியது.

திரையைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு வேண்டும். முதலில் இன்சுலேஷன் டேப்பை ஒட்டிப் பார்த்தோம், போதவில்லை. மூன்று மீட்டர் அகலத்தை 640 புள்ளி அகலமுள்ள கேமரா பார்ப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். முக்கால் அங்குல டேப் நாலு புள்ளிக்குள் அடங்கிவிடும். கொஞ்சம் மங்கினாலும் காணாமல் போகும். போதாததற்கு டேப் பளபளவென்று ஒளியைத் திருப்பியடிக்கும். கடையில் விற்கும் நல்ல திரைகளுக்கு வெல்வெட் விளிம்பு வைப்பது அது ஒளியை விழுங்கும் என்பதால்தான்.

தையல்கடை அண்ணனிடம் கறுப்புத் துணி வாங்கி நான்கு விரல் அகலத்தில் கிழித்து, குண்டூசியால் சுற்றிலும் குத்தினோம். காற்றில் துணி உப்பினால் அது சமதளம் இல்லை, எட்டு எண் கணக்கும் பொய்த்துவிடும். அதனால் அடியில் ஒரு மூங்கிலைக் கோத்துத் தொங்கவிட்டோம். ஸ்டூலையும் முடிந்தவரை நடுவுக்கு நகர்த்தினோம். சாய்வு கூடக்கூடப் படத்தை நெருக்க வேண்டியிருக்கும், அந்த அளவுக்குப் புள்ளிகள் வீணாகும், பந்தும் மங்கும்.

எட்டு இருபதுக்கு மறுபடி பொத்தானை அமுக்கினோம். கட்டங்கள் மின்னி அடங்கின. படம் நான்கு பக்கமும் சுருங்கி, கறுப்புத் துணி மேல் அரை விரல் ஏறி நின்றது.