அலங்காரத்தை அவிழ்க்கும் நாள் எது?

வாசலோரம் நின்ற மரம் இந்த முறை துளிர்க்கவில்லை, வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று ஓர் அம்மா அழைத்திருந்தார். போய்ப் பார்த்தேன். உச்சிக் கிளைகள் காய்ந்திருந்தன. உரக் குறை, வேர்ப்புழு, தண்ணீர் தேங்கிய மண் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தவன், தற்செயலாக அடிமரத்தைக் கையால் தடவினேன். இடுப்பு உயரத்தில் ஒரு பள்ளம். அதற்குமேல் மரம் வீங்கி உதடு மாதிரி புடைத்திருந்தது. பள்ளத்துக்குள் பச்சை நிற ஒயர், பாதி பட்டைக்குள்ளேயே போயிருந்தது.

“மூன்று வருஷத்துக்கு முன்னால் சீரியல் செட் சுற்றினோம் தம்பி. அழகாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டோம்” என்றார் அந்த அம்மா.

தோட்டம் அமைத்துக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் தொழில். அலங்காரம் வேண்டாம் என்று சொன்னால் பாதி வேலை போய்விடும், சொல்லவும் மாட்டேன். பருவத்துக்குப் பருவம் வாசலும் தோட்டமும் முகம் மாற்றிக்கொள்வது எனக்கும் பிடித்த விஷயம்தான். ஆனால் இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை அலங்காரம் செய்த அன்று நடந்தவை அல்ல. அதைக் கழற்றாமல் விட்ட மாதங்களில் நடந்தவை. அதனால் இப்போது யார் அலங்காரம் கேட்டாலும் என் முதல் கேள்வி, “இதை என்றைக்கு எடுப்பீர்கள்?” என்பதுதான். சிலர் முறைப்பார்கள். பரவாயில்லை.

மரத்துக்கு என்ன நடந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் அதிகம் தெரியாத விஷயம். மரம் பருமனாவது பட்டைக்கு அடியில் இருக்கும் ஒரு மெல்லிய வளர்படலத்தால். இலைகள் தயாரிக்கும் சர்க்கரை வேருக்கு இறங்கி வருவதும் உள்பட்டையின் வழியாகத்தான். ஒயரோ கட்டுக்கம்பியோ கேபிள் டையோ மரத்தைச் சுற்றி இறுக்கமாக இருந்தால், மரம் பருக்கப் பருக்க அது கழுத்தில் போட்ட சுருக்காகிவிடும். மேலிருந்து வரும் சர்க்கரை அங்கேயே தடைபட்டு நிற்பதால் கட்டுக்குமேல் வீக்கம். கீழே வேர் பட்டினி. வேரில் இருந்த சேமிப்பு தீரும்வரை மரம் பச்சையாகவே நிற்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அப்படிப் புதைந்த ஒயரைப் பார்த்ததும் பிடித்து இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள், மிச்சமிருக்கும் பட்டையும் கூடவே கிழிந்து வரும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, வெளியே தெரிகிற ஒயரைத் துண்டு துண்டாக வெட்டி, சுலபமாக வருவதை எடுத்துவிட்டு, மரம் விழுங்கியதை அதனிடமே விட்டுவிடுவதுதான் நல்லது. இனிமேல் சுற்றுவதென்றால் தளர்வாகச் சுற்றுங்கள், ஆணி அடிக்காதீர்கள், அடிமரத்தை இறுக்குவதைவிடக் கிளைகளின்மேல் சும்மா படரவிடுங்கள். ஒரு விரல் நுழைய இடம் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். முட்டுக்கம்பு கட்டிய இளம் செடிக்கும் இதே கதைதான்; அகலமான துணிப்பட்டையை எட்டு போட்ட மாதிரி கட்டினால் போதும்.

சீரியல் செட் பேச்சு வந்துவிட்டதால் மின்சாரத்தையும் முடித்துவிடுவோம். பெட்டியில் ஐபி என்று போட்டு இரண்டு இலக்கம் அச்சிட்டிருப்பார்கள். முதல் இலக்கம் தூசி முதலிய திடப்பொருளைத் தடுக்கும் அளவு, இரண்டாவது தண்ணீரைத் தடுக்கும் அளவு. ஐபி 20 என்றால் தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது, வீட்டுக்குள் மட்டும். ஐபி 44 எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். ஐபி 65 பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். இதுவரை பலருக்குத் தெரியும். எல்லாரும் கோட்டைவிடும் இடம் வேறு: விளக்குச் சரத்துக்கு ஐபி 65 இருக்கும், அதோடு வந்த அடாப்டருக்கு ஐபி 20தான் இருக்கும். அதை வெளியே வைத்து பாலித்தீன் பையில் சுற்றி டேப் ஒட்டிவிடுவார்கள். பைக்குள் வியர்த்து, அந்த ஈரமும் உள்ளேயே நிற்கும். மழையில் நனைவதைவிட இது ஒன்றும் மேலல்ல. அடாப்டர் கூரைக்கு உள்ளே, நனையாத இடத்தில் இருக்கட்டும்.

வெளியே போகும் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை ஒவ்வொரு பருவம் மாறும்போதும் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் அந்த சுவிட்ச் விழுந்து மின்சாரம் நிற்க வேண்டும். ஒயர் பிளக்குக்குள் போவதற்கு முன்னால் ஒருமுறை கீழே தொங்கி, பிறகு மேலேறட்டும். ஒயரில் வழிந்துவரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் ஒயர் உருளையில் சுற்றிய வகை என்றால் முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். சுற்றியபடியே விட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உறையே உருகும். அணிலும் எலியும் ஒயரைக் கடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். போன பருவத்துச் சரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தால், மாட்டுவதற்கு முன்னால் முழு நீளத்தையும் கண்ணால் பாருங்கள்.

இரவெல்லாம் எரிய விடுவதும் தேவையில்லாத வேலை. விட்டில்களும் மற்ற இரவுப் பூச்சிகளும் விளக்கைச் சுற்றிச் சுற்றியே களைத்துப்போகும். டைமர் வைத்து, நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில் அணையும்படி செய்துவிடுங்கள்.

அடுத்தது எடை. இது என் சொந்தத் தவறு. கோடையில் ஒரு வீட்டுத் திண்ணையில் நார்க்கூடைகள் ஆறு தொங்கவிட்டேன். மண்கலவை காய்ந்திருந்தது, கூடை கைக்கு இலேசாக இருந்தது, பழைய மர உத்திரத்தில் சாதாரணக் கொக்கி திருகினேன். முதல் பெருமழைக்கு மறுநாள் காலை அழைப்பு வந்தது. ஒரு கூடை கொக்கியோடு, கொக்கி உளுத்த மரச்சிம்போடு கீழே கிடந்தது. கீழிருந்த நாற்காலியின் கை உடைந்திருந்தது. முந்தின நாள் மாலை அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் இல்லை.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கூடை எத்தனை லிட்டர் குடிக்கிறதோ அத்தனை கிலோ கூடும். செடி வளர்ந்தால் அதன் எடையும், காற்றடித்தால் ஆட்டமும் சேரும். ஆகவே கொக்கியைக் காய்ந்த கூடைக்குத் தேர்ந்தெடுக்காமல், ஊறி நனைந்த கூடையைத் தராசில் வைத்துப் பார்த்து, அதைப்போல இரு மடங்காவது தாங்குவதாக வாங்குங்கள். ஆட்கள் உட்காரும், நடக்கும் இடத்துக்கு நேர்மேலே தொங்கவிடவே வேண்டாம்.

மாட்டுவதற்கே ஆசைப்படாமல் இருந்தால் இன்னும் நல்லது என்பது என் கட்சி. காட்டேஜ் கார்டன் என்று நாம் சொல்கிற, பூவும் மூலிகையும் கொடியும் நெருக்கியடித்து வளரும் பாணி, இங்கிலாந்தின் எளிய குடியானவர் வீடுகளிலிருந்து வந்தது. அந்தத் தோட்டங்களை உற்றுப் பார்த்துப் பாடம் கற்ற வடிவமைப்பாளர்களில் முக்கியமானவர் கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932). ஓவியம் படித்தவர். சர்ரேயில் இருந்த தன் மன்ஸ்டெட் வுட் தோட்டத்தில், ஒரு பூவின் காலம் முடிந்து பாத்தியில் வெற்றிடம் விழுந்தால், வேறிடத்தில் தயாராக வளர்த்து வைத்திருந்த லில்லி, ஹைட்ரேஞ்சியா தொட்டிகளைக் கொண்டுவந்து அந்த இடைவெளியில் வைத்துவிடுவார். தோட்டத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கும், தொட்டிகள் மட்டும் வந்து போகும். ஆணியும் கிடையாது, கம்பியும் கிடையாது. படிக்கட்டின் இரு பக்கமும் நான்கு நல்ல தொட்டிகள், பருவத்துக்கு ஒருமுறை உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுவது என்று வைத்துக்கொண்டால், அலங்காரத்தை எடுப்பதும் அடுத்ததை வைப்பதும் ஒரே வேலையாக முடியும். தொட்டி நடைவழியைக் குறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு ஓடும் வழி அது.

தொட்டியில் என்ன வைக்கிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். மேலே சொன்ன லில்லியையே எடுத்துக்கொள்வோம். பூனை இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது. இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எதுவானாலும் விஷம். மயிரில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம். பனை மாதிரி இருக்கும் அலங்காரச் செடியான சைக்கஸ் நாய்க்கு ஈரலைக் கெடுக்கும், அதன் விதை இன்னும் மோசம். அரளி, செங்காந்தள் இரண்டும் முழுச் செடியும் நஞ்சு. கதவில் தொங்கவிடும் உலர்பூ வளையங்களில் சிவப்பும் கறுப்புமாகக் குன்றிமணி கோத்திருப்பார்கள். அந்த விதைக்குள் இருப்பது கொடிய நஞ்சு. முழு விதையின் ஓடு கெட்டியானது, நஞ்சு சுலபத்தில் வெளியே வராது; கோப்பதற்காகத் துளை போட்ட விதை அப்படியல்ல. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த வளையம் வேண்டவே வேண்டாம். குழந்தையோ பிராணியோ எதையாவது மென்றுவிட்டது என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், செடியின் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

இன்னும் சில, சுருக்கமாக. பூ மிதக்கவிடும் கிண்ணம், தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு இரண்டிலும் வெதுவெதுப்பான நாட்களில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் ஆகாது, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே உயிரோடு கிடக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். கிண்ணத்தில் ஆகாயத்தாமரை வைத்திருந்தால் எடுத்து எறியும்போது ஓடையிலோ குளத்திலோ போடாதீர்கள். கண்ணாடி உருண்டைகள் வெயிலைக் குவித்துத் தீ மூட்டக்கூடியவை, சூரியன் தாழ்ந்து வரும் குளிர்காலத்திலும்கூட. காய்ந்த வளையத்துக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி எரிக்காமல் பேட்டரி விளக்கு வையுங்கள். புதர்மேல் போர்த்தும் செயற்கைச் சிலந்தி வலையிலும், விரல் நுழைகிற அளவு கண்ணுள்ள வலையிலும் பறவையும் வௌவாலும் மாட்டிக்கொள்ளும். உறைபனி விழும் இடங்களில் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஊறிய மண்தொட்டி வெடிப்பது அதனால்தான். தொட்டியைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வைத்தால் நீர் வடிந்துவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பருவம் முடிந்ததும் தோட்டத்தையே துடைத்தெடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். இலையுதிர் காலத்தில் நான் வாடிக்கையாளர்களிடம் சண்டை பிடிப்பது இதற்காகத்தான். வாடிய பூத்தண்டுகளை உடனே வெட்டச் சொல்வார்கள். அந்த விதைத்தலைகள் பறவைகளுக்கு உணவு. உள்ளீடற்ற தண்டுகளிலும் உதிர்ந்த இலைகளின் அடியிலும் பூச்சிகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பனி படிந்த காலையில் அந்தக் காய்ந்த தண்டுகளைப் பார்த்தால், கடையில் வாங்கி மாட்டிய எதுவும் அதன் அருகே நிற்காது. படியிலும் நடைபாதையிலும் கிடக்கும் ஈர இலைகளை மட்டும் அள்ளிப் புதருக்கு அடியில் தள்ளுங்கள். வழுக்கி விழுந்தவர்கள் அநேகம் பேர் அந்தப் படியில்தான் விழுந்தார்கள்.

மனிதர் மாட்டியதை மனிதர் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் என் வாதம். என் வண்டியில் எப்போதும் ஒரு மார்க்கர் இருக்கும். அலங்காரப் பொருள் வந்த அட்டைப்பெட்டியின்மேல் எடுக்கும் தேதியை அன்றைக்கே எழுதி, கண்ணில் படும் இடத்தில் வைத்துவிடுவோம். காலிப் பெட்டி கிடந்தால் வீட்டில் யாராவது ஒருவர் எரிச்சல்படுவார், அந்த எரிச்சல்தான் நமக்கு வேண்டியது.

ஒரு வீட்டில் அந்தப் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டார்கள். குளிர்காலத்தில் கதவில் மாட்டிய வளையம் வசந்தம் வந்தும் தொங்கியது. ஒருநாள் உள்ளே பார்த்தால் கூடு, நான்கு முட்டை. முட்டையுள்ள கூட்டைக் கலைப்பது பல நாடுகளில் சட்டப்படியே குற்றம்; சட்டம் இல்லாவிட்டாலும் யாருக்கு மனசு வரும்? குஞ்சு பொரிக்க இரண்டு வாரம், பறக்க இன்னொரு இரண்டு வாரம். அதுவரை குடும்பம் முழுக்கப் பின்கதவு வழியாகப் போய்வந்தது, வந்த விருந்தாளிகள் உட்பட. கூடு காலியான மறுநாள் வீட்டுக்காரர் என்னை அழைத்து வளையத்தைக் கழற்றச் சொன்னார். நான் கழற்றி முடிப்பதற்குள் அவரே பரணில் ஏறி, தூசி தட்டி, பெட்டியைக் கீழே இறக்கிவிட்டு, “மார்க்கர் இருக்கா?” என்றார்.